சத்தம் ஒழுகாத பெட்டி

எந்தப் பெட்டியைச் செய்தாலும் கோணேஸ்வரன் முதல் வேலையாக அதற்குள் தண்ணீர் நிறைப்பார். முற்றத்தில் பெட்டியை மல்லாத்திப் போட்டு, குழாய் முனையைப் பெருவிரலால் பாதி மூடிப் பிடித்து விளிம்புவரை அடிப்பார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து, வெளிப்பக்க மூலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். எங்கேயாவது விரல் நனைந்தால் அங்கே பென்சிலால் ஒரு புள்ளடி. அப்போது அவர் முகத்தில் கள்ளனைக் கையும் மெய்யுமாகப் பிடித்த பொலிஸ்காரரின் திருப்தி தெரியும்.

மீன் வளர்க்கப்போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இது கிற்றார் பதிவு செய்வதற்கான பெட்டி. அம்ப்ளிஃபயரை உள்ளே வைத்து, அதன் முன்னால் ஒரு மைக்கை நிறுத்தி, கதவை இறுகச் சாத்திவிட்டு, வெளியே இருந்து வாசிக்க வேண்டும். உள்ளே எவ்வளவு அலறினாலும் வெளியே ஓர் ஈக்கும் கேட்கக் கூடாது. "அம்ப்பைக் கூட்டி வைச்சாத்தான் அண்ணன், கிற்றாருக்கு உயிர் வரும்" என்பார் என்னிடம். அந்த உயிர் வருகிறபோதெல்லாம் என் உயிர் போகிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரே ஒரு சுவர்தான்.

கோணேஸ்வரனுக்குத் தொழில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது. உட்துறைமுகக் கரையில் கேட்டால் அவரைத் தெரியாதவர் இல்லை; நிலாவெளியிலிருந்தும் படகு ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஒட்டுப் போட்ட படகுக்குள் தண்ணீர் நிறைத்து ஒழுக்குப் பார்ப்பது அவர் வழக்கம். உலகத்தில் வேறு பரீட்சை எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியாது. "தண்ணி போகாத இடத்தால சத்தம் எப்பிடிப் போகும்? சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் சத்தத்துக்கு வழி தெரிந்திருந்தது.

முதல் பெட்டி படகின் தங்கை. மெல்லிய, விறைப்பான, பளபளப்பான ஃபைபர். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதற்குள் அம்ப்பை வைத்து அவர் கிற்றாரில் ஒரு தட்டுத் தட்டினார். அதுவரை கிற்றார் மட்டும் கேட்ட எனக்கு, இப்போது பெட்டியும் சேர்ந்து பாடுவது கேட்டது. "சத்தம் வெளியால வரேல்ல அண்ணன், பெட்டிதான் அதிருது" என்று விளக்கம் வந்தது. என் அலுமாரிக் கண்ணாடிக்கு இந்த வித்தியாசம் விளங்கவில்லை. இரண்டாவது பெட்டியைச் சுற்றி ஐஸ் பெட்டிக்குப் போடும் ரெஜிபோம் நுரைப்பலகையை ஒட்டினார். உள்ளே குளிர் நன்றாக நின்றிருக்கும். சத்தம் மட்டும் வழக்கம்போல என் குசினிவரை வந்து தேத்தண்ணி கேட்டது.

இத்தனை பாடும் எதற்காக? மனைவி பிரசாந்தி நித்திரை கொள்வதற்காக. அவள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ்; பெரும்பாலும் இரவு வேலை, காலையில்தான் வீட்டுக்கு வந்து படுப்பாள். கோணேஸ்வரனுக்கு வெயில் தாழ்ந்த பிறகுதான் கரையில் வேலை. ஆகவே காலையில் அவர் கலைஞர். மனைவியின் நித்திரையைக் கெடுக்கக் கூடாது என்ற நல்ல மனதோடு, அவள் படுத்தவுடன் ஃபைபர் தேய்க்கும் கிரைண்டரை எடுத்துப் பெட்டி வேலையைத் தொடங்குவார். கிற்றார் வாசித்த காலத்தில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பாள். கிரைண்டர் அந்த இடைவெளியும் கொடுப்பதில்லை.

மூன்றாவது பெட்டிக்குத் தண்ணீர் நிறைத்த அன்று பிரசாந்தி எழும்பி முற்றத்துக்கு வந்தாள். நான் இரண்டு முற்றத்துக்கும் நடுவிலிருந்த வேலியோரம் நின்றேன்.

"இஞ்சருங்கோ, ராத்திரி வார்ட்டில நிண்டபடியே நித்திரையாப் போனன். கையில ஊசி மருந்து. மற்ற நேர்ஸ் பிள்ளை கண்டு கையைப் பிடிச்சபடியாத் தப்பிச்சுது. இனி என்னால ஏலாது. இந்தப் பெட்டியும் சரிவராட்டி நான் நேர்ஸ்மார் விடுதிக்குப் போறன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதற்கும் அவளிடம் தெம்பு இருக்கவில்லை. அவள் கண்களைப் பார்த்தபோது எனக்கு வழக்கமான சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. கோணேஸ்வரன் எழுந்து, ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "மண்ணைப் போட்டாச் சரிவரும் பிரசாந்தி" என்றார். ஒரு கணவன் சொல்லக்கூடிய ஆறுதல் வார்த்தை இதுதான் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

மண்ணையும் போட்டார். பெட்டிக்குள் ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவில் கழுவிக் காயவைத்த மணல். கதவு விளிம்பில் தடித்த றப்பர். உள்ளே சுவருக்கும் தரைக்கும் பஞ்சு மெத்தை. அம்ப் சூடேறாமலிருக்க, வளைந்த குழாய் ஒன்றின் வாயில் சத்தமில்லாத ஒரு சின்ன விசிறி. எல்லாம் முடிந்தபோது பெட்டி கூடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டது. கதிரைகள் ஒன்றைத் தவிர மற்றவை விறாந்தைக்குப் போயின.

போன கிழமை ஒரு காலை என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தந்திகளில் ஓங்கி அடித்தார். கம்பியில் நகம் படும் கிறீச்சைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை. எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்: பெட்டி வேலை செய்தது.

"கேட்டதோ?"

"ஒண்டும் கேக்கேல்ல."

மனிதர் முகம் பூரித்துப்போனது. "இண்டைக்கு முதல் பாட்டு அடிக்கப்போறன் அண்ணன். இனி அவ நிம்மதியாப் படுக்கலாம்" என்று சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் இடி இறங்கியது. குழாய் புதைக்க வந்தவர்கள் தெருக் கொங்கிரீட்டை உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

அந்த இரைச்சலுக்குள் பிரசாந்தி இரவு வேலை முடிந்து வெள்ளைச் சீருடையோடு வந்து நின்றாள். தெருவைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரத்துக்காம்?"

"பின்னேரம் வரைக்குமாம்" என்றார் கணவர்.

அவள் பெட்டிக் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டி, காது கொடுத்துப் பார்த்தாள். பிறகு அம்ப்பை இரண்டு கையாலும் இழுத்து வெளியே வைத்தாள். மைக்கைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள். அறைக்குள் போய்த் தலையணையோடு வந்தாள்.

"பொழுதுபட எழுப்புங்கோ" என்றாள். பெட்டிக் கதவு உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது.

கோணேஸ்வரன் என்னைப் பார்த்தார். அவர் போய் விசிறியின் சுவிட்சைப் போட்டு, குழாய் வாயில் கையை வைத்துக் காற்று ஓடுகிறதா என்று பார்த்தார். திரும்பி வந்து மிஞ்சியிருந்த ஒற்றைக் கதிரையைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுக்காமல் தூக்கி வைத்து, கிற்றாரை மடியில் எடுத்துக்கொண்டு அமர்ந்தார். தெருவில் இயந்திரம் கொங்கிரீட்டைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் ஒரு தந்தியும் அதிர்ந்துவிடாதபடி ஆறு தந்திகளையும் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.