டப்பாவின் அடியில் தங்கியது

அக்காவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அரை டம்ளர் குடித்தாலே வயிறு உப்பிவிடும். கணவர் இறந்தபின் என்னோடுதான் இருக்கிறாள். ஒரு மழைநாளில் வாசற்படியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மெலிந்திருக்கிறது, மறுபடி விழுந்தால் இடுப்பு எலும்பே போய்விடும் என்றார் மருத்துவர். மருந்தோடு, கால்சியம் சேர்த்த சோயா பாலும் தினமும் குடிக்கச் சொன்னார்.

நான் கடையில் நின்று டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்த கண். பசும்பாலில் கால்சியம் இயல்பாகவே உண்டு. சோயா பாலில் தனியாகச் சேர்க்க வேண்டும். சிலவற்றில் சேர்ப்பதே இல்லை. சேர்த்ததாக அச்சிட்டிருந்ததை மட்டும் வாங்கினேன். ஒரு வருடம் அதையே சுமந்தேன்.

எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேனில் முன்னேற்றம் இல்லை.

"ஒழுங்கா குடிக்கிறாங்களா?" என்றார் மருத்துவர்.

"ஒரு நாள் வுட்டதில்லமா," என்றாள் அக்கா. பொய் இல்லை. அவள் குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை அவள் டப்பாவைத் திறப்பதைத்தான் முதன்முறையாகப் பார்த்தேன். டப்பாவை அசைக்காமல் எடுத்தாள். டம்ளரில் வெள்ளைத் துணி கட்டி, மெல்லச் சரித்து, மேலே இருந்ததை மட்டும் ஊற்றினாள். தீர்ந்துபோன பழைய டப்பாவின் அடியில் நின்றதைத் தொட்டியில் கொட்டினாள்.

"என்னக்கா இது?"

"அடியில மாவாட்டம் நிக்குதுபா. பாவுக்குப் போடுற கஞ்சி மாதிரிதான். வடிகட்டாம யாரு எடுப்பாங்க?"

அவள் வாழ்க்கைப்பட்டது தறி வீடு. பாவு நூலுக்குக் கஞ்சி போடும் நாளெல்லாம் வடிகட்டுவது அவள் வேலை. கட்டி தங்கினால் நூல் வீணாகிவிடும்.

"அந்த மாவுதாங்க்கா கால்சியம்."

அவள் தொட்டியைப் பார்த்தாள். "ஊர்ல இருக்கிற தப்பெல்லாம் திருத்துனியே, இதுல ஒண்ணும் எழுதலியாடா?"

எழுதியிருந்தது. மூடிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்: குலுக்கிய பின் ஊற்றவும்.

மருத்துவரிடம் சொன்னேன். அதுமட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றார். அடுத்த ஸ்கேனுக்கு இன்னொரு வருடம்.

அக்காவின் மணிக்கட்டில் இன்னும் பலம் வரவில்லை. நிறைந்த டப்பாவை அவளால் குலுக்க முடியாது. காலையில் அது என் வேலை. குளியலறைக்கு அவள் போகும்போது பின்னால் நடப்பதும்.