என் லாகினில் மட்டும் ஓடிய ஸ்கிரிப்ட்

1. கைராசி

காலை எட்டு மணிக்குப் போன் அடித்தால் அது வதனி அக்காவாகத்தான் இருக்கும். "முரளி, இண்டைக்கும் ஓடேல்லை. ஒருக்கா வந்திட்டுப் போறீங்களோ?" என்பார். நான் கெல்லிவில் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவர் டெக்னீஷியன். யாழ்ப்பாணத்துக்காரர், வீடு டூங்கபியில். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தண்ணீரின் கலங்கலை அளக்கும் மீட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார்கள். அதிலிருந்து அளவுகளை எடுத்துத் தானாகப் பதியும் ஸ்கிரிப்டை, அதாவது பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரலை, எழுதிக் கொடுத்தவன் நான். அது ஓடும் கணினிக்கு வெளி நெட்வொர்க் கிடையாது. எதற்கும் நேரில்தான் போக வேண்டும்.

போவேன். என் லாகினில் நுழைந்து ஸ்கிரிப்டைத் தட்டுவேன். உடனே ஓடும். "பாத்தீங்களா, ஓடுதே! நீங்க வேற எதையாவது அழுத்தியிருப்பீங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, என் லாகினை அப்படியே திறந்து வைத்துவிட்டு வருவேன். அன்று முழுக்க வேலை நடக்கும். மாலையில் கணினியை அணைத்தால் மறுநாள் மறுபடியும் போன்.

"உங்களுக்கு நல்ல கைராசி" என்று அக்கா சிரிப்பார். அந்தச் சொல்லை அவருடைய மேனேஜர் கிரெய்க் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே நுழைந்தாலே, "ஹியர் கம்ஸ் த கைராசி மேன்!" என்று கைதட்டுவார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இருபது வருடமாக நிரல் எழுதுகிறேன், அதுவரை ஒருவரும் கைதட்டியதில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று துருவிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

2. அக்காவின் கேள்வி

ஒரு திங்கட்கிழமை கிரெய்க் என்னைக் கூப்பிட்டார். மறுநாள் தர மதிப்பீட்டாளர் வருகிறாராம். அளவு எடுப்பவர் தன் சொந்த லாகினில்தான் எடுக்க வேண்டும், கைராசி மேன் கீபோர்டைத் தொடவே கூடாது என்றார். வதனி அக்கா நான்கு வருடமாக ஒப்பந்த ஊழியர். மதிப்பீட்டாளர் முன்னால் மீட்டரை ஓட்டிக் காட்டினால் அதன் பொறுப்பும் நிரந்தர வேலையும் அவருக்கு. இல்லாவிட்டால் இல்லை.

அன்று மதியம்தான், அவர் தன் லாகினில் ஓட்டுவதை முதல்முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எதையும் தப்பாக அழுத்தவில்லை. ஆனாலும் எர்ரர் வந்தது. லைப்ரரி கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. எனக்கு முகம் சூடாகிவிட்டது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பைத்தானுக்கு அந்த மீட்டருடன் நேரடியாகப் பேசத் தெரியாது. மீட்டர் கம்பெனி சி மொழியில் எழுதிக் கொடுத்த லைப்ரரி என்ற ஆயத்த நிரல் கோப்பு ஒன்றை அது ஏற்றிக்கொள்ள வேண்டும். நாம் பெயரை மட்டும் சொன்னால், கணினியின் இயங்குதளமான லினக்ஸ் தனக்குத் தெரிந்த சில இடங்களில் மட்டும் போய்த் தேடும். அங்கே இல்லையென்றால் கையை விரித்துவிடும்.

"கோப்பு இங்கதானே இருக்கு!" என்று அதை ஸ்கிரிப்ட் இருந்த ஃபோல்டரிலேயே காப்பி செய்து போட்டேன். பக்கத்திலேயே கிடந்தாலும் லினக்ஸ் அங்கே பார்க்காது. அதே எர்ரர்தான் மறுபடியும் வந்தது.

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கொஞ்சம் பொறுங்கோ முரளி. ரெண்டு சாம்பிள் வேற வேற அளவு காட்டினா நாங்கள் என்ன செய்வம்? எது வித்தியாசம் எண்டு பாப்பம். அதே கம்ப்யூட்டர், அதே ஸ்கிரிப்ட். லாகின் மட்டும்தான் வேற. அப்ப உங்கட லாகினுக்குள்ள என்னவோ கிடக்கு."

இரண்டு லாகின்களின் செட்டிங்குகளையும் அச்செடுத்து மேசையில் அருகருகே வைத்தோம். அக்கா பென்சிலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஒரு வரியில் நின்றார். "இது என்னட்ட இல்லையே."

லைப்ரரி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் வரி. முதல் நாள் அவசரத்தில் என் லாகினில் எழுதிவிட்டுச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

"நான் எழுதினதுதான் அக்கா. இத்தனை நாளா உங்களைக் குறை சொல்லிட்டிருந்தேன். மன்னிச்சிடுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப உங்கட கைராசி முழுக்க இந்த ஒரு வரிதானோ!"

"உங்க லாகின்லயும் இதைப் போட்டுடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"வேண்டாம். பிறகு எனக்குக் கைராசி எண்டு சொல்லுவினம். நான் லீவில நிண்டா ஆர் ஓட்டுறது? ஆர் இருந்தாலும் ஓட வேணும்."

நாளைக்குத் தன் வேலையே இதை நம்பி இருக்கும்போது இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? எனக்கு வந்திருக்காது.

லைப்ரரியை ஸ்கிரிப்டுடனேயே வைத்து, ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து அதன் முழு முகவரியைக் கணக்கிட்டு ஏற்றும்படி மாற்றினேன். மறுபடியும் எர்ரர். ஆனால் அதை நிதானமாகப் படித்தபோது, இப்போது இல்லை என்று சொன்னது வேறொரு கோப்பை. அந்த லைப்ரரிக்குத் துணையாக இன்னொரு லைப்ரரி தேவைப்பட்டது. அதையும் முழு முகவரியுடன் முதலில் ஏற்றினேன். அக்காவின் லாகினில் அளவுகள் கடகடவென்று வந்து விழுந்தன.

3. செவ்வாய்க்கிழமை

நான் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுவரோரம் நின்றேன். அக்கா மூன்று முறை அளந்து காட்டினார். மூன்றும் சரி. மதிப்பீட்டாளர் அம்மையார் எழுதிக்கொண்டே வந்தவர், சட்டென்று பேனாவை மூடிவிட்டு கிரெய்க்கைப் பார்த்தார். இதற்கு முன் இதை ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

"நெவர்" என்றார் கிரெய்க் பெருமையாக.

அப்படியானால் நீங்கள் உட்காருங்கள், வதனி சொல்லச் சொல்லச் செய்யுங்கள் என்றார் அவர்.

அந்த ஒற்றை வரியை அக்காவின் லாகினில் மட்டும் போட்டிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். கிரெய்க் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தார். மூன்றாவது முறை உள்ளே போனார். அக்கா ஒவ்வொரு படியாகப் பொறுமையாகச் சொன்னார். திரையில் அளவு வந்தது. கிரெய்க் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கத்தினார். அக்கா என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

உங்கள் லாகினில் ஓடியதை வைத்து வேலை முடிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். முக்கியமாக, அடுத்தவர் தப்பாக அழுத்தியிருப்பார் என்று போய்ப் பார்க்காமல் சொல்லாதீர்கள். இதைக் கற்க எனக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நிரந்தர வேலைக்கான கடிதம் அக்காவின் கைக்கு வந்தது. வாழ்த்துச் சொல்லப் போனேன். கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "முரளி, இனி நீங்கள் இஞ்ச வரத் தேவையில்லை" என்றார். நான் எழுதிய எதற்கும் அதைவிட நல்ல பாராட்டு கிடைத்ததில்லை.