சகாயமேரி டீச்சரும் சைக்கிள் பந்தயங்களும்

கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சகாயமேரி டீச்சரின் மகள் ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது. "அம்மா பூட்டாங்க டீச்சர்" என்றாள். இந்த வயதில் இப்படிப்பட்ட செய்திக்கு உடனே அழுகை வருவதில்லை. மிச்சக் கீரையையும் ஆய்ந்து, கழுவி வைத்துவிட்டுத்தான் புடவை மாற்றிக்கொண்டு ராயபுரம் கிளம்பினேன்.

வாசலில் பழைய மாணவர்கள் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. கரும்பலகையில் டீச்சர் எழுதும் முத்தான எழுத்து, அடிக்காமலே வகுப்பை அடக்கும் பார்வை என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலரும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான். உங்களுக்குத் தெரிந்ததையே நானும் எழுத வேண்டியதில்லை. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்தன என்று சொல்ல இன்று என்னை விட்டால் ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் தண்டையார்பேட்டைப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, தங்க இடம் பார்த்துத் தந்தவர் அவர்தான். ராயபுரத்தில் அவர் குடியிருந்த வரிசை வீட்டிலேயே பக்கத்து அறை. அவருடைய கணவர் அந்தோணி அண்ணனுக்குத் துறைமுகத்தில் அன்றாடக் கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. வேலை இல்லாத நாட்களில் ஒரு பழைய சைக்கிளின் மட்கார்டு, கேரியர், பெல் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு எண்ணூர் சாலையில் மிதித்துக்கொண்டிருப்பார். ஆலைக்காரர்களும் திருவிழாக் கமிட்டிக்காரர்களும் ஞாயிறுதோறும் எங்காவது பந்தயம் வைப்பார்கள். அண்ணன் எதையும் விடமாட்டார். அவர் போகும் இடத்துக்கெல்லாம் டீச்சரும் மூன்று பிள்ளைகளோடு போய் நிற்பார். போகப் போக நானும் சேர்ந்துகொண்டேன். மூன்று பிள்ளைகளுக்கு இரண்டு கை போதாதே.

எண்ணூருக்கு முதல் தடவை போனது நன்றாக நினைவிருக்கிறது. அதிகாலைப் பூசை முடிந்த கையோடு ரயில் பிடித்தோம். டீச்சர் இடுப்பில் கைக்குழந்தை பீட்டர், ஒரு கையில் சோற்றுத் தூக்கு. நடுவிலவன் ஜோசப் என் இடுப்பில். ஏழு வயது ஸ்டெல்லா தண்ணீர்க் கூஜாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டேஷனிலிருந்து மணலில் நடக்க நடக்கக் கால் புதைந்தது. சாலையோரம் ஒதுங்க நிழலே இல்லை. கரையில் சாய்த்து வைத்திருந்த ஒரு கட்டுமரத்தின் நிழலில் டீச்சர் பொத்தென்று உட்கார்ந்தார். நான் தயங்கி நின்றேன். "கால் வலிச்சா உக்காரு கமலா. இங்க யாரு உன்ன டீச்சர்னு பாக்கப் போறாங்க?" என்றார்.

வெயில் ஏற ஏறப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தூங்கிப்போயின. கடைசியில் சைக்கிள்கள் வந்தன. வந்தன என்று சொல்வதற்குள் போய்விட்டன. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிப் பீட்டருக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பதறி ஸ்டெல்லாவை எழுப்பப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"தூங்கட்டும் வுடு. எயுந்தா பசிக்குதுன்னும். எடுத்தாந்த சோறு எப்பவோ தீந்துபோச்சு."

சாயங்காலம் அண்ணன் முகம் கழுவிக்கொண்டே மகளைக் கேட்டார். "நைனாவ பாத்தியா?"

"பாத்தேனே. நீதான் மொதல்ல வந்தே" என்றாள் ஸ்டெல்லா.

அன்று அவர் வெகுவாகப் பின்தங்கி வந்திருந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் துணி துவைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

ஒரு நாள் எனக்கே அலுத்துப்போய்க் கேட்டுவிட்டேன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம். ஒரு ஞாயிறாவது படுத்துத் தூங்கக் கூடாதா? பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு இந்த அலைச்சல் எதற்கு?

அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அவரு ஜெயிக்கணும்னா நான் போறேன்? ஜோசப் பொறந்தப்போ ஒரு தபா போவல. திருவொத்தியூர் திருப்பத்துல கூட்டத்துல எங்கள தேடிகினே ஓட்டிக்கீறாரு. பக்கத்து சைக்கிள் மேல வுட்டு, தோள் எலும்பு ஒடிஞ்சி, மய காலம் பூரா வூட்ல குந்திகினு இருந்தாரு. எங்கள கண்ணால பாத்துட்டாருன்னா அப்பால ரோட்ட பாத்து ஓட்டுவாரு. அதுக்குத்தான் இத்தினி பேஜாரு."

பிறகு புழல் பந்தயம் வந்தது. எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் மேலாளருக்குச் சைக்கிள் பந்தயத்தில் பைத்தியம். ஜெயிக்கிறவனைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். ராயபுரத்தில் கிளம்பிப் புழல் ஏரிக்கரையில் திரும்பி வர வேண்டும். அந்த வாரம் முழுக்க அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று காலை அவர் போன பிறகுதான் பீட்டருக்கு உடம்பு சுடுவது தெரிந்தது. "நான் வச்சிக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றேன். "பால் குடிக்கற புள்ள, உங்கிட்ட நிக்காது" என்று ஈரத்துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனோம். ஏரிக்கரையில் ஒரு தகர டிரம்மை நடு ரோட்டில் வைத்துச் சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். அதற்கு எதிரே இருந்த புளிய மரத்தடியில் நின்றோம்.

தூரத்தில் யாரோ விசில் ஊதினார்கள். சைக்கிள்கள் வருகின்றன என்று கூட்டம் முண்டியடித்தது. அதே நேரத்தில் பீட்டரின் உடம்பு விறைத்துக்கொண்டது. கண் மேலே செருகிவிட்டது. ஜன்னி.

டீச்சர் அலறவில்லை. செங்குன்றம் போகும் காய்கறி வண்டி ஒன்று கூட்டத்தால் நின்றிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னார். "செங்குன்றத்துல டாக்டர் கீறாரு. இட்டுனு போறேன். நீ இதுங்க ரெண்டையும் அவரு கண்ணுல படற மாதிரி நிக்க வை. நான் எங்கன்னு கேட்டா, தண்ணி குடிக்கப் போயிருக்கான்னு சொல்லு. வேற ஒன்னும் சொல்லாத."

வண்டி போனது. அண்ணன் வந்தார். அவருக்குப் பின்னால் வெகு தூரத்துக்கு யாரும் இல்லை. டிரம்மைச் சுற்றும்போதே கண் எங்களைத் தேடியது. பார்த்தவர் வேகத்தைக் குறைத்தார். "எங்க அவ?" என்றார்.

"தண்ணி குடிக்கப் போயிருக்காங்க."

என் குரல் சரியாக வரவில்லை. அவர் பிரேக்கில் கை வைத்தார். என் விரலைப் பிடித்திருந்த ஸ்டெல்லாவுக்கு எல்லாம் தெரியும், தம்பியை அவளும்தான் பார்த்தாள். அவள் கொஞ்சமும் கலங்காமல், "சீக்கிரம் போ நைனா, பின்னால மத்தவங்க வந்துகினு இருக்காங்க" என்றாள். அண்ணன் குனிந்து மிதிக்கத் தொடங்கினார்.

இரண்டு பிள்ளைகளோடு செங்குன்றம் வரை நடந்தேன். டாக்டர் வீட்டுப் படியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் பீட்டர் தூங்கிக்கொண்டிருந்தான். உடம்பு வியர்த்திருந்தது.

"பாத்தாரா?"

"பாத்தாரு."

"நின்னாரா?"

"இல்ல."

சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் அழுதார். ஸ்டெல்லா தன் பாவாடை நுனியால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள்.

அண்ணன் ஜெயித்திருந்தார். மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவருக்கு விஷயம் தெரிந்ததும் மாலையைப் பிய்த்துப் போட்டார். "எம் புள்ள ஜன்னி வந்து கெடக்கறான். எங்கிட்ட மறைச்சிக்கீறே" என்று கத்தினார்.

டீச்சர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். "சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பே? ரெண்டு பேரும் ரோட்ல நின்னு அயுதுகினு இருந்திருப்போம். அவனுக்கு வேண்டியது டாக்டரு, நான் இட்டுனு போனேன். நமக்கு வேண்டியது வேலை, நீ ஓட்டினே."

அண்ணன் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். டீச்சரோடும் என்னோடும் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேலாளர் சொன்ன வேலையும் உடனே வந்துவிடவில்லை. அலைய விட்டு, மழைக்காலம் கழிந்த பிறகுதான் கொடுத்தார்கள். அதற்குப் பின்னும் சில வருடங்கள் அந்தத் தொழிற்சாலைக்காக ஓட்டினார். பந்தயத்தன்று காலையில் மூன்று பிள்ளைகளின் நெற்றியையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். டீச்சரும் விடாமல் போய் நின்றார். எனக்குக் கல்யாணமாகி வேறு பக்கம் போன பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஓயவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அண்ணன் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. போன மாதம் டீச்சரைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலோடு இருந்தார். பேச்சு விட்டு விட்டு வந்தது.

"கமலா, அன்னிக்கு புழல்ல நீ பாத்தியே. அவரு எப்படி ஓட்டினாரு?"

"இத்தனை வருஷமா கேட்கவே இல்லையே டீச்சர்."

"எங்க நேரம் இருந்துது? ஒரு பந்தயம் கூட நான் ஒயுங்கா பாத்தது கெடையாது. அவரு வர்ற நேரம் பாத்து ஒருத்தனுக்கு ஒன்னுக்கு வரும். ஒருத்தி மண்ண வாயில போட்டுப்பா. நான் நிமிந்து பாத்தா தூசிதான் பறந்துகினு இருக்கும்."

நான் சொன்னேன். ஏரிப் பக்கமாக உடம்பு சாய்ந்து, சட்டை முதுகில் காற்று உப்ப அவர் திரும்பி வந்ததை, பின்னால் ரோடு காலியாகக் கிடந்ததை, எங்களைத் தாண்டிய பிறகு ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்காமல் போனதை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் ஓட்டினாரா?"

"நல்லா ஓட்டினாரு டீச்சர்."

"உம்" என்றார். பிறகு காலில் போர்வையை இழுத்து விடச் சொன்னார்.

கரும்பலகை எழுத்தையும் பார்வையையும் மாணவர்கள் வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் தங்கியிருப்பது வேறொரு டீச்சர். வெயிலில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, குனிந்து, ஏதோ ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்கின்றன.