ஆறாவது கப்பு

எங்கள் அம்மாவிடம் யாராவது சிரித்துப் பேசினால் போதும், அவள் கை தானாகக் கழுத்துச் செயினுக்குப் போய்விடும். சிடுமூஞ்சிகளிடம் அவளுக்குப் பயமே கிடையாது. ரேஷன் கடைக்காரர் ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அதனால் அவர் நல்லவர். புதிதாக வந்த தபால்காரர் "சௌக்கியமாம்மா?" என்று கேட்டுவிட்டார், அன்று முதல் எங்கள் வீட்டு வாசல் கதவு பகலிலும் தாழ் போடப்பட்டது. "சும்மா எவன் சிரிப்பான்?" என்பாள். அப்பா எல்லோரிடமும் சும்மாதான் சிரித்தார்.

அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டில் காப்பி கொடுத்தாலும் குடித்து முடித்துவிட்டுக் கப்பைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார், எந்த ஊர்ச் சரக்கு என்று. பிறகு நகத்தால் விளிம்பைச் சுண்டிக் காதருகே வைத்துக்கொள்வார். நல்ல கப்பாக இருந்தால் மணியடித்தது போலக் கேட்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். காப்பி கொடுத்தவர்கள் முகம் மாறுவதை அவர் கவனித்ததே இல்லை. அம்மாவுக்குத்தான் மானம் போகும். எனக்கு அப்போது எட்டு வயது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்கும் சுண்டிப் பார்க்கத் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் அக்காவை மதுரையில் கட்டிக்கொடுத்தோம். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். ஆனால் சம்பந்தி வீட்டிலிருந்து வந்த இரண்டு கடிதத்திலும் "பார்க்கலாம்" என்றுதான் எழுதியிருந்தது. காரணம் எங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சம்பந்தியம்மா அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "பீங்கான் ஊர்ல பொண்ணு எடுத்துட்டு, எவர்சில்வர் டம்ளர்லதான் காப்பி குடிக்கிறோம்." அக்கா அழுதுகொண்டே எழுதிய கடிதத்தை அம்மா அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்தாள்.

அப்பா முதலாளியிடம் சொல்லிவிட்டு, வேலை முடிந்த பிறகு தங்கி ஆறு காப்பிக் கப்புகள் செய்தார். பூவும் இல்லை, கோடும் இல்லை, பால் வெள்ளை. அடியில் மட்டும் யாருக்கும் தெரியாத இடத்தில் அக்கா பெயரின் முதல் எழுத்தை நீல மையில் எழுதியிருந்தார். மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி ஒவ்வொன்றாகச் சுண்டி, கேட்டு, உள்ளே வைத்தார். அம்மா மேலே பழைய புடவைத் துண்டைப் போட்டுக் கட்டினாள். இதைக் கொடுத்துச் சம்பந்தியம்மாவின் மனசைக் குளிரவைத்து அக்காவைக் கையோடு அழைத்துவந்துவிட வேண்டும் என்பது திட்டம்.

காலையில் விருத்தாசலம் ஜங்ஷனில் ஏறினோம். அதுவரை நான் போன ரயில்கள் எல்லாம் கடலூர் வரைக்கும்தான். மதுரைக்குப் போகும் நெடுந்தூர வண்டியில் சாப்பாட்டுப் பெட்டி என்று ஒன்று இருந்தது எனக்குப் பெரிய அதிசயம். எங்கள் ஜன்னலில் ஒரு கம்பி பெயர்ந்து போயிருந்தது. அம்மா அதைப் பார்த்தவுடனே, "இது வழியா கை வுட்டு எடுப்பானுங்க" என்று கூடையை ஜன்னலிலிருந்து தள்ளி, தன் காலடியில் வைத்துக்கொண்டாள். எதிரில் திண்டுக்கல் போகிற ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர்களும் சிரித்தார்கள். அம்மா செயினைத் தொட்டுக்கொண்டாள்.

பெண்ணாடம் தாண்டியதும் சர்வர் வந்தார். வெள்ளை உடுப்பு, இடுப்பில் பச்சைப் பட்டை, தோளில் துண்டு. என்னைப் பார்த்துக் குனிந்து, "பாப்பா எங்க போறீங்க? கல்யாணத்துக்கா?" என்றார். என் வாழ்க்கையில் என்னை 'போறீங்க' என்று கேட்ட முதல் ஆள். நான் மயங்கிவிட்டேன். அவர் சும்மா நிற்கவில்லை. இறுகிக் கிடந்த ஜன்னல் பலகையை இரண்டு தட்டுத் தட்டி ஏற்றிவிட்டார். ஸீட்டைத் துடைத்தார். பிறகு அம்மாவின் காலடியைப் பார்த்து, "கூடை இடிபடுதேம்மா, மேல வெச்சிடட்டுமா?" என்று கையை நீட்டினார்.

"வாணாம்! இருக்கட்டும்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் எதிர் ஸீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டார்.

சர்வர் போனதும் அம்மா குசுகுசுத்தாள். "ஏங்க, அந்த ஆளு கண்ணு கூடை மேலயே இருக்குது, பாத்தீங்களா?"

"வேலை அது. பயணிங்கள கவனிச்சிக்கணும்."

"நமக்கு என்ன கவனிப்பு? நாம என்ன கலெக்டர் வூடா?"

அரியலூருக்கு முன்னால் அவர் மறுபடி வந்து காப்பி வேண்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றாள். காப்பியில் மயக்க மருந்து கலந்து கொடுத்து நகையைக் கழற்றிக்கொண்டவர்கள் கதை அவளுக்கு நான்கைந்து தெரியும். "நீங்க குடிங்க. ஒருத்தராவது முழிச்சிக்கிட்டு இருக்கணும்," என்று அப்பாவுக்கு அனுமதி கொடுத்தாள். அப்பாவுக்கு ஒரு காப்பி, எதிரில் இருவருக்கும் காப்பி, எனக்குப் பால் என்று சொல்லி அனுப்பினோம்.

அரியலூரில் வண்டி நின்றதும் அப்பா தண்ணீர் பிடிக்க இறங்கினார். எதிர் ஸீட்டுக்காரர்கள் வாசல் பக்கம் வெள்ளரிக்காய் வாங்கப் போனார்கள். வண்டி நகரும்போது ஏறிய அப்பாவும் அவர்களோடு வாசலிலேயே பேசிக்கொண்டு நின்றார். அம்மா பாத்ரூம் போகக் கிளம்பினாள். "அந்த ஆளு வந்தா கூடைய தொட வுடாத" என்று என்னைக் காவல் வைத்தாள்.

காவல்காரிக்கு முறுக்கு ஞாபகம் வந்தது. பை மேல் பலகையில் இருந்தது. எட்டவில்லை. எதன் மேல் ஏறினேன் என்று சொல்லவும் வேண்டுமா? கூடையின் விளிம்பில்தான் கால் வைத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, கால் நழுவித் துணியின் நடுவில் பதிந்தது. உள்ளே சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

துணியை விலக்கிக் கையை விட்டேன். மேலே இருந்த கப்பு பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. சுண்டிப் பார்த்தேன். 'டொக்'.

வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் அப்படியே வைத்து மூடியிருக்கும். உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சம்பந்தியம்மா கையில் கொடுக்கும் முன் அப்பா ஒவ்வொன்றாகச் சுண்டுவார் என்று எனக்குத் தெரியும். கப்பு செத்துப்போயிற்று, இனி அக்காவை அனுப்ப மாட்டார்கள், அதற்கு நான்தான் காரணம். எங்கள் ஊர்க் கோயிலில் படியிறங்கிப் போய்க் கும்பிட வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன். காப்பாற்றினால் தேங்காய் உடைக்கிறேன் என்றேன். செத்த கப்பை எடுத்துப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு, துணியைப் பழையபடி கட்டினேன்.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். சர்வரும் தட்டோடு வந்தார். நாலு கப்பு. வெள்ளை. பிள்ளையார் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா குடித்து முடித்துக் கவிழ்த்துப் பார்த்து, சுண்டிக் கேட்டு, "பரவால்ல" என்று ஸீட்டில் வைத்தார். அந்தப் பக்கமாகப் போன சர்வர் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனதை அம்மாவும் நானும் பார்த்தோம்.

கொள்ளிடம் பாலம் வந்தது. பெட்டியே எழுந்து ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அம்மா காசை எடுத்துத் தலையைச் சுற்றி ஆற்றில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவள் வேண்டிக்கொண்டது அக்காவை அனுப்ப வேண்டும் என்பதாகத்தான் இருக்கும். நானும் அதையே வேண்டிக்கொண்டு, பெயர்ந்த கம்பி வழியாகச் செத்த கப்பைப் போட்டேன். பாலத்தின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பால் கப்பைப் பாவாடையில் துடைத்துக் கூடைக்குள் தள்ளினேன்.

திருச்சியில் சர்வர் கப்புகளை எடுக்க வந்தார். மூன்றுதான் கிடைத்தது. ஸீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "நாலு கொடுத்தேனே. பாப்பா, ஒண்ணு எங்கயாச்சும் உருண்டு போச்சா பாருங்க," என்றார், அதே சிரிப்போடு.

அம்மா காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த சமயம் வந்துவிட்டது. "எங்களையா சந்தேகப்படறீங்க?"

"ஐயையோ, இல்லம்மா. கொறஞ்சா நான் பதில் சொல்லணும், அதான்."

"நாங்க கப்பு செய்யற வூட்டுக்காரங்க! எங்களுக்கு ஒங்க கப்பு எதுக்கு? இந்தாங்க, பாத்துக்குங்க!" அம்மா கூடையை ஸீட்டில் தூக்கி வைத்துத் துணியை உருவினாள். "ஆறு. பொண்ணு வூட்டுக்குக் கொண்டு போறோம். எண்ணிக்குங்க!"

சர்வர் எண்ணவில்லை. எதிர் ஸீட்டுக்காரர்தான் கழுத்தை நீட்டி எண்ணினார். ஆறு. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு உயிர் வந்தது.

அப்பாவுக்கு இதில் சண்டை இருப்பதே புரியவில்லை. தன் கப்புகளை யாரோ பார்க்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துச் சர்வரிடம் காட்டினார். "எங்க பொண்ணு எழுத்து." இன்னொன்றை எடுத்தார். அதிலும் எழுத்து. அப்பா சுண்டுவார் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. கவிழ்ப்பார் என்பது மறந்துவிட்டது. மூன்றாவதை எடுத்தபோது அவர் கட்டைவிரல் கப்பின் அடியிலேயே நின்றது. அங்கே ரயில் முத்திரை இருந்தது. உள்ளே நான் துடைக்காமல் விட்ட பாலாடை ஒட்டியிருந்தது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கப்பைச் சர்வரின் தட்டில் மெதுவாக வைத்தார்.

"நான்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தனா, நம்மளுதுன்னு உள்ள வெச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"ஆறு இருந்ததே?" என்றாள் அம்மா. அவள் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"அஞ்சுதான் வெச்சேன். ஒண்ணு சூளையிலயே போயிடுச்சு. ஒங்கிட்ட சொல்லல."

எதிர் ஸீட்டுக்காரர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் மனைவி தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். செட்டு நிறைவதற்காக எடுத்துவிட்டார் என்று அந்தப் பெட்டியே முடிவு கட்டிவிட்டது. அம்மாவும்தான்.

சர்வர் தட்டைப் பார்த்தார். மூன்று கப்பில் காப்பி வண்டல், ஒன்றில் பால். என்னை ஒரு தடவை பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து நாலு கப்பையும் மூடினார். "நாலு கொடுத்தேன், நாலும் வந்துடுச்சு. அவ்வளவுதான் சார்." கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லும் வாய் அம்மாவுக்கு இப்போது இல்லை. வாங்கிக்கொள் என்று தலையை அசைத்தாள்.

எனக்கோ ஒரே ஆனந்தம். பிள்ளையார் அப்பாவின் புத்திக்குள் புகுந்து, தானே எடுத்து வைத்ததாக அவரை நினைக்கவைத்துவிட்டார்! எண்ணிக்கையைக்கூட மாற்றிவிட்டார்! மதுரை வரைக்கும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே அந்தச் சாமர்த்தியத்தை வியந்தபடி வந்தேன்.

மதுரையில் சம்பந்தியம்மா கூடையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எண்ணினார். "அஞ்சுதானா?" என்றார்.

அம்மா தரையைப் பார்த்தாள். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு கப்பை எடுத்துக் கவிழ்த்து எழுத்தைக் காட்டினார். "இதெல்லாம் ஒங்க மருமவ எழுத்துங்க. ஆறாவது ஒங்க பேரப்புள்ளைக்கு. பொறந்து, பேரு வெச்சு, அந்த எழுத்தப் போட்டு, புள்ளையோட சேத்துக் கொண்டாந்து வுட்டுடறேன்."

சம்பந்தியம்மா அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பி, "பொட்டிய எடுத்து வையி தாயி," என்றார்.

மூன்றாம் நாள் அக்காவோடு ஊர் திரும்பினோம். அதே வண்டி, அதே சர்வர். எங்களைக் கண்டதும் அதே சிரிப்பு. அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தலைக்கு வைத்துக்கொள்ள எங்கிருந்தோ ஒரு தலையணை கொண்டுவந்தார். கேட்காமலே வெந்நீர் வந்தது. அம்மா செயினைத் தொடவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா காப்பியைக் குடித்து முடித்தார். கப்பை இரண்டு கையாலும் பிடித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஸீட்டின் ஓரத்தில், எங்கள் பைகளுக்குத் தூரமாக வைத்தார்.

அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. "என்னப்பா, கவுத்துப் பாக்கலையா?" என்று சிரித்தாள்.

"எல்லாம் நல்ல கப்புதாம்மா," என்றார் அப்பா.

அக்காவுக்குப் பையன் பிறந்தான். ஆறாவது கப்பு அவன் எழுத்தோடு மதுரைக்குப் போனது. ஆனாலும் வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அம்மா கடைசியாக ஒன்று சொல்வாள்: "ரயில்ல கப்பு எடுத்த மனுஷன்தானே!" அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஊருக்கு வந்த அந்த வாரமே தேங்காய் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வாங்கிக் கொடுத்து, கோயிலுக்குத் தானே கூட்டிக்கொண்டு போய், நான் உடைக்கும்வரை மேல்படியில் நின்றார். அதன் பிறகு அவர் இருந்தவரை, எந்த ஊரிலும் எந்த வீட்டிலும், காப்பி குடித்த கப்பைக் கவிழ்த்துப் பார்த்ததில்லை. பிள்ளையார் அந்தக் கெட்ட பழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார், அம்மாவுக்கும் ஒரு தொல்லை விட்டது என்று நான் ரொம்ப நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.