மெஷினுக்குள் எழுதிய பெயர்

என் அண்ணனைத் தெருவே குட்டை என்றுதான் கூப்பிடும். அவனுக்கு அதில் கோபமே கிடையாது. அவன் கூட்டாளி நிலைவாசலில் தலை இடிக்கிற உயரம், அதனால் நெட்டை. இரண்டு பேருமாகச் சேர்ந்து கடைக்கு 'குட்டை நெட்டை ஸ்டிக்கர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கடைக் கண்ணாடி, வண்டி, பெயர்ப்பலகை எதற்கு வேண்டுமானாலும் ஸ்டிக்கரில் எழுத்து வெட்டித் தருவோம். மெஷின் வெட்டித் தள்ளியதும் எழுத்தைச் சுற்றியிருக்கும் வேண்டாத பகுதியை ஊசியால் உரித்தெடுப்பது என் வேலை. நெட்டை என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மெஷின் ஓடியதே அண்ணனால்தான். அதைச் செய்த கம்பெனி என்றோ மூடிவிட்டுப் போய்விட்டது. அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற யூ.எஸ்.பி. போர்டும் எரிந்துபோனபோது, வேறு எதிலிருந்தோ கழற்றிய போர்டை வைத்து ஒட்டுப்போட்டான். கம்ப்யூட்டரோ அதை யாரென்றே கேட்கவில்லை. யூ.எஸ்.பி.யில் எதைச் செருகினாலும் அது முதலில் தன் நம்பரைச் சொல்லவேண்டும். அந்த நம்பர், டிரைவர் என்கிற மென்பொருளின் ஃபைலில் இருந்தால்தான் கம்ப்யூட்டர் பேச்சுவார்த்தைக்கே வரும்.

"டிரைவர் கிடைக்கலம்மா" என்று அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"நம்மகிட்ட வண்டியே இல்ல. டிரைவர் எதுக்குடா?" என்றாள் அம்மா.

கடைசியில் டிரைவர் ஃபைலைத் திறந்து, போர்டின் நம்பரை அவனே அதில் எழுதிச் சேர்த்தான். மெஷின் ஓடியது. உடனே நெட்டையைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான். போர்டுக்குள் இருக்கும் நம்பரை எப்படி மாற்றுவது, அதற்கு எப்படிப் பெயர் எழுதுவது என்பதையும் மறைக்கவில்லை. அண்ணன் அப்படித்தான், வாயில் இருப்பதைக்கூடப் பங்கு போடுவான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே போர்டுக்குள் 'குட்டை நெட்டை' என்று எழுதிவைத்தார்கள். அதன்பிறகு மெஷினை மாட்டினால், வெட்டும் மென்பொருளின் தலைப்பில் அந்தப் பெயர் வரும்.

ஒருநாள் நெட்டை, வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்றார். கிளம்புவதற்கு முந்தின நாள் நானும் அண்ணனும் ஒரு கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டப் போயிருந்தோம். கடையில் அவர் மட்டும் இருந்தார். மறுநாள் அண்ணன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டான். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

வந்து மெஷினை மாட்டினால், அது வாயைத் திறக்கவில்லை. திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை அடையாளம் மட்டும் வந்தது. முந்தின வாரம்தான் கம்ப்யூட்டர் அப்டேட் ஆகியிருந்தது. பழியை அதன் தலையில் போட்டுவிட்டு அண்ணன் டிரைவரை எடுத்தான், போட்டான், திரும்ப எழுதினான், மறுபடி எடுத்தான். சோறு தண்ணி இறங்கவில்லை. மெஷின் போனால் கடை போச்சு, எங்கள் மூன்று பேர் பிழைப்பும் போச்சு. போர்டின் நம்பரைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. தன் வீட்டுக் கதவிலக்கத்தை எவன் தினமும் சரிபார்க்கிறான்?

நெட்டைக்குப் போன் போட்டான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மெஷின் ஓடலடா."

"விட்டுத் தொலைடா. அந்தப் புது நம்பருக்கு உனக்கு டிரைவரே சிக்காது. பழைய இரும்புன்னு நானே வந்து எடுத்துக்கறேன். நீ ஏன் அலையறே?"

"சரிடா. நீ இருக்கியே, அது போதும்" என்று போனை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது.

"புது நம்பர்னா சொன்னான்?"

"ஆமா."

"ஏது புது நம்பர்?"

பார்த்தான். நம்பர் வேறாக இருந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் வந்த அப்டேட் போர்டுக்குள் கைவைக்காது. யாராவது உட்கார்ந்து மாற்றினால்தான் உண்டு. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அண்ணன் புது நம்பரை டிரைவர் ஃபைலில் சேர்த்தான். மெஷினின் கத்தி சர்ரென்று ஒரு முறை ஓடி நின்றது. தலைப்பில் பெயர் வந்தது.

'நெட்டை'. அவ்வளவுதான். குட்டையைக் காணோம்.

நான் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். இனி என்ன மரியாதை, அவன் இவன்தான். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டிருந்தா மெஷினையே குடுத்திருப்பேனே" என்றான்.

மறுநாள் நெட்டை லோடு வண்டியோடு வந்தான். வெளியூரெல்லாம் இல்லை, மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை பிடித்திருந்தான் என்று வண்டிக்காரரே சொல்லிவிட்டார். மெஷின் சத்தம் கேட்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஓடுதா தங்கச்சி?"

"ஓடுது. உன் பேரைச் சொல்லிக்கிட்டே ஓடுது. யாருக்கு யார் தங்கச்சி?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் நிமிரவில்லை. வண்டி காலியாகத் திரும்பியது.

"அந்தப் பேரை முதல்ல அழிண்ணா. ஒரு நிமிஷ வேலைதானே?" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும். தினமும் காலைல மாட்டும்போது என் கண்ணுல படணும்" என்றான். "இல்லேன்னா, நாளைக்கே அவன் வந்து தோள்ல கை போட்டா நான் மறந்துடுவேன்."