சாப்டியா என்று கேட்ட சுவர்

கட்டடத்தின் மேல் வெளிச்சத்தால் படம் காட்டும் தொழிலில் முதல் வேலை, அக்கம்பக்கத்தை இருட்டாக்குவது. மைக்செட்காரர்களே, கல்யாண வீடியோக்காரர்களே, நாலு பேர் தயவில் தொழில் நடத்தும் மற்றவர்களே, இந்தப் பாடு உங்களுக்குப் புரியும்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் மதுரையில் நானும் சுமதியும் சேர்ந்து இதைச் செய்தோம். புரொஜெக்டர் என்னுடையது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது அவள். சுவருக்கு முன்னால் நின்று நீங்கள் கையைத் தூக்கினால் கேமரா பார்த்துக்கொள்ளும். மூன்று மாடிச் சுவரில் ஒரு குருவிக் கூட்டம் எழும்பிப் பறக்கும்.

குண்டு பல்பு

ஒத்தக்கடையில் ஒரு காலேஜ் விழா. ஹாஸ்டல் சுவர்தான் திரை. தெருவிளக்கை அணைத்தாகிவிட்டது. எதிர்வீட்டு வாசலில் மட்டும் ஒரு குண்டு பல்பு எரிந்து, இடது பாதிக் குருவிகளுக்குச் சோகை பிடித்த மாதிரி செய்துவிட்டது. கதவைத் தட்டினேன். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் வந்தார். "ஒரு மணி நேரந்தாங்கய்யா" என்று கெஞ்சினேன். ஸ்விட்ச் வரை போன கையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

மகன் கோபித்துக்கொண்டு போய் நாலு வருஷமாம். அவன் போனபோது அந்தத் தெருவில் இவர் வீடு ஒன்றுதானாம். நான் படத்தை வலது பாதிக்கு நகர்த்திக்கொண்டேன். காலேஜ்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நிகழ்ச்சி முடியும்வரை வாசலில் நின்று பார்த்தவர், கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இப்ப வீடெல்லாம் ஒண்ணு போல ஆயிருச்சு தம்பி. லைட்டும் இல்லேன்னா அவன் எதைப் பாத்து வருவான்?"

ஒரே ஒரு வார்த்தை

கோரிப்பாளையத்தில் ஜவுளிக்கடை திறப்பு. செல்போனில் மெசேஜ் அனுப்பினால் கடைச் சுவரில் எழுத்தாக விழும். எதிர்மாடியில் ரஹ்மத் என்று ஒரு அக்கா, தையல் வேலை. கணவர் சவுதியில் டிரைவர்; கடைசியாக ஊருக்கு வந்து மூன்று வருஷம். கணவரிடம் எங்கள் மெசேஜ் நம்பரைச் சொல்லிவிட்டு, அக்கா சாயங்காலமே மொட்டைமாடியில் வந்து நின்றுகொண்டார். யார் யாரோ வாழ்த்தினார்கள். சவுதியிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. முடிந்தது என்று நான் வயரைச் சுருட்டப் போனேன்.

"இருங்க, அந்த அக்கா இன்னும் இறங்கல" என்றாள் சுமதி.

கால் மணி நேரம் கழித்து போன் கிணுகிணுத்தது. இங்கிலீஷ் எழுத்தில் வந்ததைச் சுமதி தமிழில் தட்டிப் போட்டாள். பஸ்களின் ஹாரனுக்கு மேலே, சுவர் முழுக்க ஒரே வார்த்தை: சாப்டியா?

ரஹ்மத் அக்கா கீழே இறங்கி வந்தார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. "தெனமும் போன்ல இதத்தான் கேப்பாரு, வேற பேச்சே இல்லையான்னு சண்ட போடுவேன். இம்புட்டுப் பெருசாவா கேட்டுக்கிட்டிருந்தாரு!"

விசா

திருநகரில் ஒரு குடியிருப்பின் பொங்கல் விழா. கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சுமதிக்கு அவள் அம்மாவிடமிருந்து போன். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். பத்து நிமிஷப் பேச்சில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்: விசா. தனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை அமெரிக்காவில் என்று அவளே பிறகு சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். நானும் சந்தோஷம் என்றேன்.

டெஸ்ட் பார்க்க அவள் சுவருக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். அவள் தலைக்கு மேல் அத்தனை குருவியும் கிளம்பியது. மூன்று வருஷமாக நூறு தடவை பார்த்த காட்சி. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது என்று, லென்ஸைத் திருகுவதைப் பாதியில் விட்டு இரண்டடி முன்னால் வந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பினாள்.

"ரவி, அங்க என்ன பண்றீங்க? ஃபோகஸ் போயிருச்சு பாருங்க."

ஊரார் சேதியையெல்லாம் சுவரேற்றிக் காட்டிப் பிழைத்த நான், என் சேதி ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்றவளிடம் சேர்க்கத் தெரியாமலே கடையைக் கட்டினேன்.