அந்தப் பெண் படகில் ஏறும்போது என்ன சொன்னாள்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், ராசா என்கிற ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டு முன்ஹாலில் ஒரு கொலை நடந்தது.

பயப்படாதீர்கள். டிவியில்தான். வெள்ளை உடையில் ஒரு பெண் மூங்கில் நுனியில் நின்றுகொண்டு, கீழே நின்ற ஏழு பேரை ஒரே சுழற்றலில் சாய்த்தாள். ஏழு பேரும் விழுந்து முடிந்த பிறகுதான் அவளுடைய முந்தானை மாதிரியான அந்த நீளச் சட்டைக்கை மெதுவாக இறங்கி வந்து அடங்கியது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தத் துணி இறங்குவதுதான் பிடிக்கும். வாள் அவசரப்படும். துணிக்கு அவசரமே கிடையாது.

"யாரு போனா?" என்றார் அத்தான்.

அத்தான் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் நோய் அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டு ஆறு வருஷமாகிறது. ஆனால் சீனக் கத்திச் சண்டை நாடகத்தை மட்டும் அவர் விடவில்லை. காதால் பார்க்கிறார். 'டிங்' என்றால் பெண் பிடித்த மெல்லிய வாள். 'டணார்' என்றால் வில்லனின் அகலக் கத்தி. தப்பவே தப்பாது.

"ஏழு பேரும் போயிட்டானுங்க. இவ சொல்றா, 'ஒங்க தலைவன வரச் சொல்லுங்கடா, கூலிக்கு அடிக்கிறவனுங்களோட எனக்கு என்ன பேச்சு'ங்கிறா" என்றாள் அக்கா, நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே.

"அடி சக்கை!" என்றார் அத்தான்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? இருக்கிறது. என் அக்கா பாக்கியத்துக்குச் சீன மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

ஆனால் அவள் சீனத்தி.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. பக்கத்துப் பட்டணத்தில் ஒரு சீனர் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது... புலி வருஷத்தில். புலி வருஷத்துப் பெண் வீட்டுக்கு ஆகாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. பன்னிரண்டு நாள் குழந்தையைத் துணியில் சுற்றி அம்மா மடியில் கொடுத்துவிட்டார்கள். இப்படிக் கொடுப்பதும் வாங்குவதும் அன்றைக்கு இந்த மலாய் நாட்டில் சாதாரணம். உங்கள் சொந்தத்திலேயே ஒருத்தி இருப்பாள், யோசித்துப் பாருங்கள்.

பாக்கியம் வந்த எட்டாம் வருஷம் நான் பிறந்தேன். அவள் கால் ராசி என்று தோட்டமே சொன்னது. அந்த ராசிக்குக் கிடைத்த பரிசு, என்னைப் பார்த்துக்கொள்வதற்காக இரண்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது.

சரி, நாடகத்துக்கு வருகிறேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில், தோட்ட மேஸ்திரியான மண்டோர் வீட்டில்தான் டிவி. சாயந்திரம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் சாக்கை எடுத்துக்கொண்டு எல்லோரும் அங்கே போய்விடுவோம். தமிழ்ப் படம் எப்போதாவதுதான் வரும். சீனக் கத்திச் சண்டை அடிக்கடி. அடியில் மலாய் எழுத்து ஓடும்... ஓடும் என்றால் நிஜமாகவே ஓடும். எங்கள் ஆட்கள் முதல் சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு பேர் செத்திருப்பார்கள்.

ஒருநாள் மண்டோர் சம்சாரம் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "ஏ பாக்கியம், என்னாடி சொல்றானுங்க?"

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. அறை முழுக்க அவளையே பார்த்தது. சீன முகம் இருக்கிறதே, சீனம் புரியாமலா இருக்கும்! எனக்குத் தமிழ் முகம்தான். அதற்காகச் சங்கப் பாட்டு எல்லாம் எனக்குத் தன்னால் புரிந்துவிடுகிறதா என்ன? ஆனால் அன்றைக்கு யாரும் அப்படி யோசிக்கவில்லை.

அக்கா ஒரு விநாடி டிவியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அந்தத் தாடிக்காரன் சொல்றான்... 'எங்கப்பாவக் கொன்னது நீதான், சோத்துல கை வைக்க மாட்டேன் ஒன்னக் கொல்ற வரைக்கும்'ங்கிறான்."

"ஆத்தாடி!" என்றது அறை.

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் ஓடிய அத்தனை கத்திச் சண்டைக்கும் வசனம், என் அக்கா. கதாநாயகர்கள் எங்கள் ஊர்த் தமிழில் சவால் விட்டார்கள். சாமியார்கள் கோயில் பூசாரி மாதிரி குறி சொன்னார்கள். டீக்கடையில் மேசை உடைந்தால் கடைக்காரன், "நாசமாப் போறவனுங்களா, வெளிய போயி சண்ட போடுங்களேன்டா" என்று புலம்பினான். கடைக்காரன் நிஜத்தில் எதுவுமே சொல்லியிருக்க மாட்டான். மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வதோடு அவன் வேலை முடிந்தது. அந்த ஏழைக்கும் ஒரு வசனம் கொடுத்தவள் என் அக்கா ஒருத்திதான்.

எனக்கு மட்டும் உண்மை தெரியும். பள்ளிக்கூடத்தில் மலாய் படித்தேன். ஒன்பது வயதில் அந்த எழுத்தை எட்டிப் பிடிக்கும் வேகம் வந்துவிட்டது. ஒருநாள், "அக்கா, அப்படி எழுதலியே..." என்று ஆரம்பித்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் சத்தமாகப் படிக்கவில்லை.

அந்த வருஷம்தான் அந்தக் காட்சி வந்தது.

எதிரிகள் துரத்தும் ஒரு பெண். வாள்வீச்சில் அவளை மிஞ்ச ஆளில்லை. மழையில், ஒரு ஆற்றுத் துறையில், கைக்குழந்தையை கிழிசல் உடுத்திய ஒரு குடிசைக்காரியிடம் கொடுக்கிறாள். படகு நிற்கிறது. அவள் குழந்தையைப் பார்க்கிறாள். நெடுநேரம் பார்க்கிறாள். பிறகு படகில் ஏறுகிறாள்.

அக்காவுக்குப் பதினேழு வயது. அவள் வசனம் சொன்னாள். எனக்கு இன்னும் மனப்பாடம்.

"கண்ணு... ஒன்னப் பிடிக்காம நான் குடுக்கல. புலி வருஷத்துல பொறந்தது ஒன் தப்பு இல்ல. எங்கருந்தாலும் ஒன்ன நெனச்சுக்கிட்டேதான் இருப்பேன். நல்லா சாப்புடு. பெரியவளா ஆனதும் வந்து பார்ப்பேன்..."

மண்டோர் வீடே விசும்பியது. மண்டோர்கூட மூக்கைச் சிந்தினார். அம்மா மட்டும் அழவில்லை. டிவியையும் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அடியில் ஓடிய எழுத்தைப் படித்துவிட்டேன். படித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

காலம் எங்களை எல்லாம் பட்டணத்துக்குக் கொண்டு வந்துவிட்டது. அக்கா ராசாவில். நான் ரஹாங்கில். அவள் பையன் சரவணனுக்குச் செண்டாயானில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அங்கேயே வேலை பார்த்து, இவனிடமே தமிழ் பழகிய மெய் லிங்கை இரண்டு மாதத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டான்.

ஆமாம். நிஜமான சீனப்பெண். கேண்டனீஸ் வீட்டுப் பாஷை.

கல்யாணத்தன்று அக்காவின் முகம் ஏன் அப்படி வெளுத்திருந்தது என்று மற்றவர்கள் யோசித்திருக்கலாம். எனக்குத் தெரியும். அத்தானுக்கு இருட்டில் மிச்சம் இருப்பது அந்த நாடகங்கள்தான். அவை அத்தனையும் அக்கா இட்டுக்கட்டியவை. இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி வந்துவிட்டது.

மெய் லிங்குக்கு எப்போதும் சிஃப்ட் வேலை. போன ஞாயிறு லீவு. அவளாகவே வந்து அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நெத்திலி கிள்ள ஆரம்பித்தாள். டிவியில் ஓடியது, அந்தப் பழைய ஆற்றுத்துறை நாடகம்! யாரோ ஒரு புண்ணியவான் பழைய டேப்பிலிருந்து, மலாய் எழுத்தோடு, யூடியூப்பில் ஏற்றியிருக்கிறான். சரவணன் அப்பாவுக்காகத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டுக் காரைக் கழுவப் போயிருந்தான்.

அத்தான் தலையைத் திருப்பினார்.

"மெய் லிங் இருக்கியாம்மா? ஒனக்குத்தான் பாஷை தெரியுமே. ஒங்க அத்த சொல்றது சரிதானே?"

அக்காவின் கையில் ஒரு நெத்திலி. தலை கிள்ளப்படாமல் அப்படியே நின்றது.

மெய் லிங் அக்காவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை.

"பெத்துல் மாமா. ரொம்ப பெத்துல்." பெத்துல் என்றால் மலாயில் சரி.

"பார்த்தியா! ரத்தத்துல இருக்குல்ல" என்றார் அத்தான். அந்தத் திருப்தியிலேயே சாய்நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். குறட்டை வரும்வரை அக்கா பேசவில்லை.

பிறகு, "எனக்கு ஒன்னும் வெளங்காதும்மா. ஒரு வார்த்தகூட வெளங்காது" என்றாள்.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். இதை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

"தெரியும் அத்தை" என்றாள் மெய் லிங். "வந்த மொத வாரமே தெரியும். கிச்சன்லருந்து கேட்டேன். அந்த ரெண்டு பேரு லவ் பண்றாங்கன்னு மாமாகிட்ட சொன்னீங்க. நெஜத்துல அவங்க குதிரைக்குக் கால் வலிக்குதுன்னுதான் பேசிக்கிட்டாங்க. ஆனா அத்தை... உங்க கதைதான் பெஸ்ட் லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

"அப்பவே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள். "சீனன் கடைக்குப் போனா அவன் பேசுறது வெளங்காம முழிப்பேன். 'என்னடா இது, சீன மூஞ்சி'ன்னு சிரிப்பானுங்க. இங்க வந்தா இவங்க, சீனத்திதானே சொல்லுன்னு கேக்குறாங்க. இங்கயும் தெரியாதுன்னா... அப்பறம் நான் யாரு?"

டிவியில் மழை தொடங்கியிருந்தது. ஆற்றுத் துறை. குடிசை. படகு.

அக்கா நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இந்த எடம். இத மட்டும் நெசமாச் சொல்லு, மெய் லிங். புள்ளையக் குடுக்கும்போது அவ என்னா சொல்றா?"

இப்போது விளங்குகிறதா, அவள் என்ன கேட்கிறாள் என்று? நாடகத்தையா கேட்கிறாள்?

டிவியில் அந்தப் பெண், குழந்தையை நீட்டினாள். பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். திரும்பினாள். உதடு அசைந்தது. படகில் ஏறினாள். அடியில் மலாய் எழுத்து வந்து போனது. மங்கலாக, ஆனால் அதே எழுத்து.

மெய் லிங் டிவியிலிருந்து அக்கா பக்கம் திரும்பினாள். அவளுக்கு அக்காவின் கதை தெரியும். சரவணன் சொல்லியிருப்பான்.

"அவங்க சொல்றாங்க... 'பாப்பாவ நல்லா பார்த்துக்குங்க. நான் தினமும் நெனச்சுக்குவேன். ஒரு நாளும் மறக்க மாட்டேன். கண்டிப்பா திரும்பி வருவேன்'னு..."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு மெய் லிங்கின் தலையில் கை வைத்தாள்.

"நல்லாத்தான் சொல்ற. என்னவிட நல்லா சொல்ற. ஆனா கண்ணு... அவ வாயி ரெண்டு தடவதான் அசஞ்சுது."

ஐம்பது வருஷம் உதட்டைப் பார்த்தே வசனம் சொன்னவளிடம் உதட்டை மறைக்க முடியுமா?

மெய் லிங் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். இனி என் முறை. ஒன்பது வயதில் விழுங்கியது தொண்டையிலேயே இருந்திருக்கிறது.

"'போகலாம்'னு சொன்னா அக்கா" என்றேன். "படகுக்காரன்கிட்ட."

"புள்ளகிட்ட?"

"ஒன்னும் சொல்லல."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கே படிச்சேன். மண்டோர் வீட்டுல."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் டிவியைக் கைகாட்டினாள். "மறுபடியும் போடு."

மெய் லிங் பின்னால் ஓட்டினாள். மழை. குழந்தை. உதடு. படகு. "இன்னொரு தடவ." மழை. குழந்தை. உதடு. படகு. மூன்றாம் முறை அக்கா எழுந்துபோய், டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். நடிகைக்கு அன்று என்ன வயது இருக்கும்? இருபத்தைந்து? கயிற்றில் தொங்கிப் பறந்து, கத்தியோடு சுழன்று, உடம்பெல்லாம் காயம் வாங்கிச் சம்பாதித்த பெண். அவள் செய்த பெரிய வித்தை பறந்தது அல்ல என்று அப்போது தோன்றியது. இரண்டு அசைவில் அந்த வசனத்தை முடித்தாளே... அதுதான்.

அக்கா மெல்லத் தலையாட்டினாள்.

"ஆமா. 'போலாம்'தான் சொல்லியிருப்பா" என்றாள். "அதுக்கு மேல ஒரு வார்த்த பேசியிருந்தா, அவளால ஏறியிருக்க முடியாது."

அவள் எந்தப் பெண்ணைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

அக்கா வந்து மெய் லிங் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தோளில் சாய்ந்தாள். அறுபது தாண்டிய என் அக்கா யார் தோளிலாவது சாய்ந்து நான் பார்த்ததில்லை.

"சரி. அப்பறம் என்னா ஆச்சு, சொல்லு. நெசத்தச் சொல்லு. குதிரைக்குக் கால் வலின்னாலும் பரவால்ல, அதயே சொல்லு."

மெய் லிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். மலாயும் தமிழும் கலந்த, அங்கங்கே தடுக்கி விழுகிற, அழகான ஒரு பாஷையில். அக்கா வாய் லேசாகத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக ஊருக்கே கதை சொன்னவளுக்கு யாரும் ஒரு கதை சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தட்டில் நெத்திலி பாதி அப்படியே கிடந்தது. மிச்சத்தைக் கிள்ள நான் எடுத்துக்கொண்டேன்.